மூன்றாம் பாதிக்குச் சமைத்தவர்

அவருடைய அணி வெல்லாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் அவரைப் பற்றி எழுதுவது எனக்குச் சுலபம். எப்போதாவது ஒருநாள், எதிரணியில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் என்றால், வெல்லும். மற்றபடி சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை தோல்விதான். கனடாவில், அஜக்ஸ் நகரத்தில் எங்கள் வீட்டோடு சுவர் ஒட்டிய அடுத்த வீடு அவருடையது. இப்போது அங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அப்போது அந்தக் கராஜில் ஒரு பழைய ரீவி, கால் சூடாக ஒரு ஹீற்றர், ஒரு காஸ் அடுப்பு, நாலைந்து மடக்குக் கதிரைகள் இருந்தன. இத்தாலியில் பின்னேரம் ஆட்டம் தொடங்கும்போது எங்களுக்குக் காலைத் தேத்தண்ணி நேரம். ஊரே ஹொக்கி பார்க்கிற இந்த நாட்டில், யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, வட இத்தாலியில் ஒரு சின்ன நகரத்து றக்பிக் கழகம் அடிவாங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் அந்தச் சாதி இல்லை. எனக்குத் தோற்க வராது. வீட்டில் 304 சீட்டு விளையாடித் தோற்றால் இரண்டு நாளைக்கு யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டேன். அதனால் முதல்நாள், இரவல் வாங்கிய பனி அள்ளும் சவளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அவர் செய்ததைப் பார்த்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆட்டம் முடிந்துவிட்டது. அவருடைய ஆட்கள் சேற்றில் குளித்த எருமைகள் மாதிரி நிற்கிறார்கள். அவர் கதிரையை விட்டு எழும்பி, ரீவிக்கு முன்னால் நேராக நின்று, கை தட்டத் தொடங்கினார்.

"அண்ணை, உங்கட ஆக்கள் தோத்தெல்லோ போச்சினம்?"

"ஓம் தங்கச்சி. நல்லா அடிச்சுப் போட்டாங்கள்."

"பிறகு ஏன் தட்டுறியள்?"

"வெண்டவன் மைதானத்தை விட்டுப் போகேக்க தோத்தவன் ரெண்டு பக்கமும் வரிசையா நிண்டு தட்டவேணும். அதுதான் முறை. நீங்கள் இருங்கோ, சாப்பிட்டுப் போகலாம்."

சாப்பாடு என்று வந்தது சோளமாவில் கிண்டிய மஞ்சள் களி. இத்தாலிக்காரர் அதைப் பொலெந்தா என்பார்கள். அதற்கு மேலே எங்கள் நண்டுக் குழம்பு. நான் மூக்கைச் சுளித்துக்கொண்டு தொடங்கி, கோப்பையை வழித்து முடித்தேன். அன்றையிலிருந்து சனிக்கிழமைகளில் எனக்கு அந்தக் கராஜில் ஒரு கதிரை ஒதுக்கப்பட்டது. எனக்குப் பந்தும் விளங்காது, சட்டமும் விளங்காது. நண்டு விளங்கும்.

அவர் இத்தாலிக்குப் போனதே தவறுதலாகத்தான். ஏஜென்சிக்காரன் சுவிஸ் என்று சொல்லி இறக்கிவிட்டுப் போன ரயில் நிலையம் இத்தாலியில் இருந்தது. இரண்டு நாள் பெஞ்சில் படுத்துக் கிடந்தவரை, நிலையத்துக்கு எதிரே பேக்கரி வைத்திருந்த ஒரு தடியன் கூட்டிக்கொண்டு போய் மா மூட்டை தூக்க விட்டான். அந்தத் தடியன் ஊர்க் கழகத்தின் முன்வரிசையில் தோள் கோத்து முட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை வந்ததும் இவரையும் மைதானத்துக்கு இழுத்துப்போய், கழகக் குசினியில் ஒரு பெரிய செப்புப் பானைக்கு முன்னால் நிறுத்தி, துடுப்பு மாதிரி ஒரு மரக்கட்டையைக் கையில் கொடுத்துக் கிண்டச் சொன்னான். ஏன் கிண்டுகிறோம், யாருக்குக் கிண்டுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. பாஷையும் தெரியாது. கிண்டினார்.

பிறகு கதவு திறந்தது. காது கிழிந்தவன், மூக்கு உடைந்தவன், ஒரு கண் வீங்கி மூடினவன் எல்லோரும் உள்ளே வந்தார்கள். உடைத்தவர்களும் கூடவே வந்தார்கள். உடைத்தவன் பக்கத்தில் உடைபட்டவன் இருந்து, ஒரே சட்டியில் எடுத்துச் சாப்பிட்டார்கள், பாடினார்கள். றக்பியில் இரண்டு பாதி ஆட்டம் முடிந்த பிறகு வருகிற இந்தச் சாப்பாட்டுக்கு மூன்றாம் பாதி என்று பெயர். விருந்தாளி அணிக்கு வீட்டுக்கார அணிதான் சமைத்துப் போட வேண்டும். எங்கள் அண்ணையின் அணி பெரும்பாலும் தோற்றது. ஆகவே அவர் தன் இளமைக் காலம் முழுவதும், தங்களை அடித்துப்போட்டவர்களுக்குக் களி கிண்டியே கழித்தார்.

"நான் வந்த இடத்தில தோத்தவன் ஓடவேணும், இல்லாட்டிச் சாகவேணும்" என்றார் ஒருநாள். "இஞ்ச பாத்தா தோத்தவன் சோறு போடுறான். எனக்கு அழுகை வந்திட்டுது தங்கச்சி. வெங்காயத்தைச் சாட்டிப் போட்டு அழுதனான்."

கழகத்தின் வரலாற்றை அவர் ஒருநாளும் தொடக்கத்திலிருந்து சொன்னதில்லை. ஆட்டத்தின் நடுவில் யாராவது அடிபட்டுப் படுத்தால், வைத்தியர் ஓடிவந்து பார்க்கிற இடைவெளியில் ஒரு துண்டு சொல்வார். நான்தான் பொருத்திக்கொண்டேன். பிரான்சில் படித்த ஒருவன் ஊர் திரும்பும்போது முட்டை வடிவப் பந்து ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தான். பாதிரியார் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த புல்வெளியைக் கொடுத்தார். பூசை முடிந்த பிறகுதான் ஆடலாம் என்று கண்டிப்பு. போர்க்காலக் குளிரில் கோல் கம்பங்களை யாரோ விறகுக்கு வெட்டிக்கொண்டு போனார்கள். போர் முடிந்ததும் மேசன்மார் சாரக் குழாய்களை நட்டு ஆடினார்கள். ஆற்றோரச் சமவெளி என்றபடியால் மாரியில் பனிப்புகார் இறங்கினால் பந்து ஒருவருக்கும் தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் ஓடுவார்கள். இறைச்சிக்கடைக்காரன், தபால்காரன், பேக்கரிக்காரன் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு முறை நாட்டுச் சம்பியன் ஆனார்கள். அந்த வருடம் பிறந்த ஆண் பிள்ளைகள் பலருக்கு அணித்தலைவனின் பெயர்தானாம்.

இதையெல்லாம் அவர் 'நாங்கள்' என்றுதான் சொல்வார்.

"எங்கட கம்பத்தை வெட்டிப் போட்டாங்கள் தங்கச்சி."

"அண்ணை, அப்ப நீங்கள் பிறக்கவேயில்லை."

"அதுக்கென்ன. வெட்டினது எங்கட கம்பந்தானே."

பிந்திய வரலாறு இவ்வளவு வடிவாக இருக்காது. ஆட்டத்துக்குச் சம்பளம் கொடுக்கிற காலம் வந்தது. காலுறைத் தொழிற்சாலை முதலாளி ஒருவர் கழகத்தை வாங்கினார். அயர்லாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் அணிகளோடு ஆடுகிற பெரிய லீக்கில் இடம்பிடிக்க வேண்டும் என்பதற்காக, பரம எதிரியான பக்கத்து ஊர்க் கழகத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். சேலை நிறம் எடுக்கிற பெண்வீட்டாரும் மாப்பிள்ளைவீட்டாரும் மாதிரி ஜேர்சி நிறத்துக்கு ஒரு வருடம் சண்டை. தேவாலயத்துப் புல்வெளி விலைப்பட்டு அங்கே சுப்பர்மார்க்கெற் வந்தது. பெயர் மாறியது, கொடி மாறியது, தோற்பது மட்டும் மாறவில்லை. இந்தப் பகுதி வந்ததும் அவர், "காலம் மாறிப்போச்சு, என்ன செய்யிறது" என்று சொல்லி எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவார். மழை பெய்ததைச் சொல்வது மாதிரிச் சொல்வார். அதில் யாருடைய பிழையும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கனடாவுக்கு வந்தும் அவர் அந்தக் குசினியை விட்டு வெளியே வரவில்லை. கராஜில் நண்டு மணக்கிறது என்று எதிர்வீட்டு ஜமேக்காக்காரர் எங்கள் வீட்டுத்தொகுதி நிர்வாகத்திடம் முறைப்பாடு செய்தார். விசாரணை வைத்து, கராஜில் அடுப்பு மூட்டக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். எனக்கு இரத்தம் கொதித்தது. அடுத்தநாள் பின்னேரம் பார்க்கிறேன், எங்கள் அண்ணை ஒரு பெரிய தட்டு நிறையக் களியும் குழம்பும் வைத்து மூடிக்கொண்டு தெருவைக் கடந்து போகிறார். அந்த மனிதர் தட்டைக் கழுவி, வாழைப்பழக் கேக் வைத்துத் திருப்பி அனுப்பினார். முறைப்பாட்டை மட்டும் திருப்பி எடுக்கவில்லை.

"உங்களுக்கு ரோசமே இல்லையோ?" என்று கேட்டேன்.

"வெண்டவனைப் பசியோட அனுப்பக் கூடாது தங்கச்சி. பிறகு அவன் எங்களைப் பற்றி என்ன நினைப்பான்?"

வேலைத்தலத்தில் இவர் பழக்கிவிட்ட ஒரு பெடியனை இவருக்கு மேலே சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அவனுக்கும் வீட்டில் விருந்து. அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுவேன், அன்று பாத்திரங்களைக் கழுவின சத்தம் எங்கள் வீட்டுச் சுவரைத் தாண்டிக் கேட்டது. அவரோடு கோபிக்கவும் முடியாது. கோபித்தால் உங்களுக்கும் ஒரு கோப்பை வரும்.

ஒரே ஒரு தடவைதான் அவர் முகம் கறுத்துப் பார்த்தேன். மே மாதம், போரில் செத்த எங்கள் சனத்தின் நினைவுநாளை ஒட்டிய சனிக்கிழமை. கராஜில் ஆட்டம் பார்க்க வந்த ஒருவர், இவருடைய கை தட்டலைக் கண்டு எரிச்சலில், "அப்ப எங்களை முடிச்சவனுக்கும் சோறு போடுவியளோ அண்ணை?" என்று கேட்டுவிட்டார். எல்லோரும் ரீவியைப் பார்த்தோம். அவர் ஹீற்றரை நிற்பாட்டினார். பிறகு திரும்பப் போட்டார்.

"விசில் ஊதின பிறகும் அடிச்சவனுக்குச் சாப்பாடு இல்லை" என்றார். அன்று யாருக்கும் நண்டு இறங்கவில்லை.

அவருக்கு ஒரு மகள். இத்தாலியில் பிறந்து, பத்து வயதில் இங்கே வந்தவள். யூனியன்வில்லில் பெரிய வீடு, நல்ல உத்தியோகக்கார மாப்பிள்ளை, எல்லாம் பார்த்துத்தான் கட்டிக் கொடுத்தார்கள். கட்டி மூன்றாம் மாரியில் அவளுடைய மணிக்கட்டில் மாவுக்கட்டு. வாசல் ஐஸில் வழுக்கி விழுந்தேன் என்றாள். இந்த ஊரில் ஐஸில் வழுக்கி விழாதவர் யார்? நானே இரண்டு தடவை விழுந்திருக்கிறேன். நல்ல சப்பாத்து வாங்கு பிள்ளை என்று புத்தி சொன்னேன். அவர் கடைக்குப் போய் ஐஸுக்குப் போடுகிற உப்பு இரண்டு மூட்டை வாங்கி, யூனியன்வில்லுக்குக் கொண்டுபோய், மருமகனின் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த வருடம் அவள் அந்த வீட்டை விட்டு வந்துவிட்டாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை. ஒத்துவரவில்லை என்று எங்களுக்குச் சொன்னார். வீடு அவனுக்கே போனது. அவள் ஒரு சூட்கேசோடு பார்க்டேலில் ஒரு பழைய அடுக்குமாடியில் ஓர் அறை எடுத்தாள். நாங்கள் வந்த காலத்தில் ஒரு அறையில் ஆறு பேர் படுத்த அதே பார்க்டேல். அதில் போய் அவள் இருக்கிறாளே என்று அக்கா அழுதார். வழக்கறிஞர்கள் கையெழுத்து வாங்கி எல்லாம் முடிந்த கிழமை, அவர் வந்து என்னிடம் இரண்டு கதிரை கேட்டார்.

"ஆர் வருகினம்?"

"மருமகன். எல்லாம் முடிஞ்சுது தானே. பகையோட பிரியக் கூடாது. ஒரு நேரச் சாப்பாடு."

"மகளிட்டச் சொன்னியளோ?"

"அவளுக்கு இப்ப விளங்காது. பிறகு விளங்கும்."

கதிரையைக் கொடுக்கப் போன என்னை அக்கா கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். தனியே அந்த மேசையில் பரிமாற அவருக்கு ஏலவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அவன் நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு, வைன் போத்தலோடு வந்தான். மாமா, மாமி என்று மரியாதையாகக் கதைத்தான். களி ஆவி பறக்க மேசைக்கு வந்தபோது வாசற்கதவு திறந்தது. மகள். விட்டுப்போன குளிர்காலச் சப்பாத்தை எடுக்க வந்தவள், சொல்லாமல் வந்திருந்தாள்.

"இவர் ஏன் இஞ்ச?"

அவர் கரண்டியோடு எழும்பினார். "எல்லாம் முடிஞ்சுது தானே பிள்ளை. வெண்டாலும் தோத்தாலும் ஒரு மேசையில இருந்து..."

"நான் தோக்கேல்லை அப்பா" என்றாள். சத்தம் போடவில்லை. "நான் தப்பி வந்தனான்."

அவ்வளவுதான். திரும்பி நடந்தாள். மேசையில் இருந்தவன், "அவ எப்பவும் உப்பிடித்தானே மாமா" என்று சொல்லிச் சிரித்தது எனக்குக் கேட்டது. நான் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் ஓடினேன். அவள் காருக்குள் ஏறி, கண்ணாடியை இறக்கி, சப்பாத்தை வாங்கினாள்.

"அன்ரி, அண்டைக்கு நான் ஐஸில வழுக்கி விழேல்லை."

பிள்ளை, உள்ளே வா என்று சொல்ல முடியவில்லை, உள்ளே யார் இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். அவள் போனாள். நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை, நேரே என் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவள் போனை எடுப்பதில்லை. தாயோடு மட்டும் எப்போதாவது கதைப்பாள். அவர் கராஜுக்கு வெளியே நின்று, காதில் போனை வைத்துக்கொண்டு, மணி அடித்து ஓயும் வரைக்கும் கேட்பார். பிறகு திரும்ப அடிப்பார். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் உன்னியது. ஆனால் அது நான் சொல்கிற செய்தி இல்லை. "போய் அவளிட்டயே கேளுங்கோ அண்ணை" என்று மட்டும் பலமுறை சொன்னேன். "கேட்டா அவளுக்குக் கஷ்டமா இருக்குமே" என்பார். அவருடைய மரியாதை என்னை அந்த நாட்களில் பைத்தியமாக்கியது.

அந்த வசந்தத்தில்தான் கழகமும் மூடியது. லீக் அனுமதியைப் பறித்து வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள். கடைசி ஆட்டம் பார்க்க நான் கராஜுக்குப் போயிருந்தேன். தோற்றார்கள். வீரர்கள் மைதானத்தில் நின்று அழுதார்கள். பார்க்க வந்த சனமும் போகாமல் நின்றது. அவர் எழும்பவில்லை, கை தட்டவில்லை. படம் மாறி விளம்பரம் வந்த பிறகும் ரீவியைப் பார்த்தபடி இருந்தார்.

"தங்கச்சி, நாளைக்கு என்னைப் பார்க்டேலுக்குக் கொண்டுபோய் விடுவியளோ?" என்றார். 401 நெடுஞ்சாலையில் கார் ஓட்ட அவருக்குப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை காரில் ஏறும்போது அவர் கையில் ஒன்றும் இல்லை. அக்கா சாப்பாட்டுப் பெட்டி கட்டி நீட்டினார், வேண்டாம் என்று தலையாட்டினார். ஸ்காபரோ தாண்டினதும் தானாகவே தொடங்கினார். கழகத்தின் கதை. ஆனால் நான் கேட்டிராத கதை.

"அந்தக் காலுறை முதலாளி மைதானத்தை விக்கப் போறான் எண்டு எங்களுக்கு முதலே தெரியும். எனக்கே தெரியும். குசினிச் சன்னலுக்கு நேரதான் நில அளவைக்காரர் கட்டை நட்டவங்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து தலைமேசையில இருப்பான். நாங்கள் முதல் கோப்பை அவனுக்குத்தான் போடுவம். பேக்கரிக்காரன் கேக்கேல்லை. அணித்தலைவன் கேக்கேல்லை. சாப்பிட வந்த மனுசனைக் கேள்வி கேக்கிறது மரியாதை இல்லை எண்டு எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருந்தம். காலம் மாறேல்லைத் தங்கச்சி. நாங்கள் கேக்கேல்லை."

வாயைத் திறந்தால் முழுவதும் சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

அவளுடைய கட்டடத்துக்கு முன்னால் காரை நிறுத்தினேன். அவர் இறங்கிப்போய் மணியை அழுத்தினார். அவள் மேலே வரச் சொல்லவில்லை, வீட்டுச் செருப்போடு தானே இறங்கி வந்தாள். கீழ்மண்டபத்துக் கண்ணாடிக்குள்ளால் எனக்கு இரண்டு பேரும் தெரிந்தார்கள். தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்த வாங்குப் பலகையில் இருந்தார்கள். அவர் ஏதோ ஒரு வார்த்தை கேட்டார். ஒன்றோ இரண்டோ வார்த்தைதான் இருக்கும். அவள் பேசத் தொடங்கினாள். ஆட்கள் உடுப்புக் கூடையோடும் கடைப்பையோடும் அவர்களைத் தாண்டிப் போனார்கள், வந்தார்கள். அவள் நிலத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். ஒரு கட்டத்தில் அவர் அவளுடைய மணிக்கட்டைத் தொடக் கையை நீட்டினார். அவள் கையை இழுத்துக்கொண்டாள். கோபத்தில் இழுத்த மாதிரி இல்லை, பழகிப்போய் இழுத்த மாதிரி இருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தபோது அவள் லிப்ற்றுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவர் வந்து காரில் ஏறினார். பெல்ற்றைப் போட முயன்றார், கொளுவவில்லை. நான் குனிந்து போட்டுவிட்டேன்.

"மேல வரச் சொன்னவளோ?"

"இல்லை."

"இனி வருவாளாமோ?"

டண்டாஸ் வீதியில் ஸ்றீற்கார் ஒன்று எங்களுக்கு முன்னால் நின்று ஆட்களை இறக்கியது. நானும் நிறுத்தினேன்.

"அண்டைக்கு நீங்கள் அவளுக்குப் பின்னால ஓடினாப் பிறகு" என்றார், "அவன் கோப்பையை நீட்டி, இன்னும் கொஞ்சம் போடுங்கோ மாமா எண்டு கேட்டவன். நான் போட்டனான்."